ஓடும் ஏமாற்றும், பெயரும் ஏமாற்றும்

நெல்லைச் சீமையில் ‘அட்டை’ என்றால் குறைந்தது மூன்று உயிர்களில் எதுவாகவும் இருக்கலாம். மாஞ்சோலைப் பாதையில் செருப்புக்குள் நுழைந்து கணுக்காலைக் கவ்வுகிற அட்டை ஒன்று. மழை விட்ட மறுநாள் கொல்லைச் சுவரில் ஏறி, தொட்டதும் காசு மாதிரி சுருண்டுகொள்கிற மரவட்டை ஒன்று. தூத்துக்குடிக் கடலடி மணலில் கருணைக்கிழங்கு போலக் கிடக்கிற கடல் அட்டை இன்னொன்று. முதலாவது வளைத்தசைப் புழு, மண்புழுவின் உறவு. இரண்டாவது கணுக்காலி, அதாவது இறாலுக்கும் தேளுக்கும் சொந்தக்காரன். மூன்றாவது முட்தோலி, நட்சத்திர மீனின் பங்காளி; 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அதைப் பிடிப்பதே குற்றம். வழுவழுவென்று, காலே தெரியாமல், மெல்ல நகர்கிற எதையும் அட்டை என்று சொல்லிவிடுவது நம் பழக்கம். பேச்சுக்கு அது போதும். வகைப்படுத்த வேண்டும் என்று உட்கார்ந்தால் அங்கேயே சிக்கல் ஆரம்பித்துவிடும்.

பெயரைப் போலவே ஓடும் ஏமாற்றும். படகின் அடியிலும் துறைமுகத் தூணிலும் காலைக் கிழிக்கிற கொட்டலசைப் பார்த்தால் குட்டிச் சிப்பி என்றுதான் தோன்றும். விலங்கியலாளர்களும் அப்படித்தான் நினைத்து அதை நத்தையும் சிப்பியும் அடங்கிய மெல்லுடலிகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1830-இல் ஜான் வாகன் தாம்சன் அதன் இளம் உயிரியைப் பார்த்த பிறகே அது நண்டு, இறால் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. சுண்ணாம்பு ஓடு கட்டுவது ஒரு தொழில். அதைப் பல குடும்பங்கள் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன. தொழிலை வைத்துக் குடும்பத்தைச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மெல்லுடலி என்றால் கண்டம் கண்டமாகப் பிரியாத மெத்தென்ற உடல். அதில் தசையாலான பாதம் ஒன்று, குடலும் சுரப்பிகளும் திரண்ட உறுப்பு மூட்டை ஒன்று, அந்த மூட்டையைப் போர்த்துகிற மேன்டில் என்னும் தோல் மடிப்பு ஒன்று. ஓட்டைச் சுரப்பது இந்த மேன்டில்தான். மேன்டிலுக்கும் உடலுக்கும் நடுவே ஓர் அறை இருக்கும். செவுள் அதற்குள்தான் தொங்கும், மலத்துளையும் சிறுநீரகத் துளையும் அதற்குள்தான் திறக்கும். ஓடு இல்லாமல் போகலாம், பாதம் கைகளாகப் பிரிந்து போகலாம், ஆனால் இந்த அறை பெரும்பாலும் தப்பாது. வளைத்தசைப் புழு இதற்கு நேர் எதிர்த் திட்டம். உடல் முழுக்க ஒரே மாதிரியான கண்டங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். கண்டத்துக்குக் கண்டம் உள்ளே தடுப்புச் சுவர், கழிவு நீக்கும் குழல்கள், நரம்பு முடிச்சு. ஒரு கண்டத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் புழு புரிந்த மாதிரி.

தொல்காப்பிய மரபியல் நந்தையும் முரளையும், அதாவது நத்தையையும் சிப்பியையும், ஈரறிவு உயிர்களில் வைத்தது. ஊறும் சுவையும் மட்டும் உண்டு என்று கணக்கு. புலனை அளவுகோலாக வைத்து உயிர்களை அடுக்கும் அந்த யோசனை எனக்குப் பிடித்தமானது. ஆனால் நத்தைக்குக் கண் உண்டு, மோப்பமும் உண்டு என்பதை வயலில் குனிந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

வயல் நத்தையிலிருந்தே தொடங்கலாம். கன்னடியன் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ தண்ணீர் திறந்து, பிசான நெற்பருவத்துக்குத் தொளி அடிக்கும் நேரத்தில் சேற்றிலிருந்து எழுந்து வருகிற எலுமிச்சம்பழ அளவு நத்தை பைலா என்னும் பேரினம். அறுவடை முடிந்து வயல் காயும்போது சேற்றுக்குள் இறங்கி, பாதத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் மூடியை இழுத்து வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். இந்த மூடி முக்கியமான அடையாளம். தோட்டத்தில் வாழைக்கன்றையும் பப்பாளியையும் தின்கிற பெரிய ஆப்பிரிக்க நத்தைக்கு மூடி கிடையாது, செவுளும் கிடையாது, நுரையீரல் மட்டுந்தான். 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்நியன் அது. எலியின் நுரையீரல் புழு அதன் உடலில் வளரக்கூடும் என்பதால் வெறுங்கையால் பொறுக்கக் கூடாது.

பைலாவுக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. மேன்டில் அறை இரண்டாகப் பிரிந்து வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் காற்றுப்பை. கண்ணாடி ஏனத்தில் தண்ணீர் ஊற்றி விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் கழுத்தின் இடப்பக்கத்து மடல் குழாயாகச் சுருண்டு நீர்மட்டத்துக்கு மேலே நீளும். தலை உள்ளேயும் வெளியேயும் பம்பு அடிப்பதைப் போல அசையும். காற்று உள்ளே இறங்குகிறது. அதே சமயம் தலையின் வலப்பக்கத்தைக் கவனித்தால் எச்சம் கழுத்தருகே வெளியேறுவது தெரியும். வாய்க்குப் பக்கத்தில் மலத்துளை! நத்தையும் சங்கும் அடங்கிய வயிற்றுக்காலிகள் இளம் பருவத்தில் உறுப்பு மூட்டையை 180 பாகை திருகிக்கொள்வதால் வந்த வினை இது. பின்னால் இருக்க வேண்டிய அறை முன்னால் வந்துவிடுகிறது. ஓடு சுருள்வதும் இந்தத் திருகலும் வேறு வேறு நிகழ்வுகள். பாடம் நடத்துபவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புவது உண்டு.

நத்தையைப் பதப்படுத்த நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, உயிரோடு எடுத்து நேரே ஃபார்மலினில் போடுவது. அது உள்ளே சுருங்கி மூடியை அடைத்துக்கொள்ளும், மருந்து உள்ளே போகாது, உள்ளே அழுகும். சரியான வழி, தண்ணீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவிடுவது. கொதித்த நீரில் கரைந்த ஆக்சிஜன் போய்விடும். அதைப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி, நத்தையை விட்டு, ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். குமிழி இருந்தால் பைலாவுக்கு அதுவே போதும், குழாயை நீட்டி உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று மென்தால் படிகம் போட்டால் இன்னும் நல்லது. ஏறக்குறைய ஒரு நாளில் உடல் முழுக்க நீண்டு தளர்ந்து கிடக்கும். ஊசியால் கொம்பைத் தொட்டுப் பார்த்து, சுருங்காவிட்டால் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றலாம். மறுநாள் அந்த ஆல்கஹாலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். நத்தையின் உடல் நீர் கலந்து முதல் ஊற்று நீர்த்துப்போயிருக்கும். ஃபார்மலினில் நெடுநாள் வைத்த நத்தை ஓடு வெளுத்துப் பொடியாவதும் இப்படித்தான் புரியும்: பழகிய ஃபார்மலினில் ஃபார்மிக் அமிலம் உருவாகி சுண்ணாம்பைத் தின்றுவிடும்.

ராடுலாவைப் பார்க்காமல் நத்தையை விடக் கூடாது. வாய்க்குள் இருக்கும் அரம் பதித்த நாடா அது. தலையின் அடியில் உருண்டையாகத் தட்டுப்படும் வாய்த்தசையை வெட்டி எடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரவு முழுவதும் போட்டுவைத்தால் தசை கரைந்து, கைட்டினால் ஆன பழுப்பு நாடா மட்டும் மிஞ்சும். நல்ல தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, பல் மேல்பக்கம் இருக்கும்படி கண்ணாடித் தகட்டில் பரப்பி இன்னொரு தகட்டால் அமுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஓலைப்பாய் மாதிரி சுருண்டுவிடும். அவசரப்பட்டு வெளுக்கும் திரவத்தில் போடுகிறவர்கள் உண்டு. கூடுதல் நேரம் கிடந்தால் அது பல்லையும் சேர்த்து அரித்துவிடும். நுண்ணோக்கியில் பைலாவின் நாடாவில் ஒரு வரிசைக்கு ஏழு பல் தெரியும்: நடுவில் ஒன்று, அதன் இருபுறமும் ஒவ்வொன்று, ஓரங்களில் இரண்டிரண்டு. நத்தைக் குடும்பங்களைப் பிரிக்க ஓட்டின் நிறத்தைவிட இந்த எண்ணிக்கை நம்பகமானது. சிப்பிகளுக்குத் தலையே இல்லை என்பதால் ராடுலாவும் இல்லை.

இரத்தத்தின் நிறத்தை வைத்தும் ஏமாறக் கூடாது. பைலாவின் இரத்தத்தில் தாமிரம் கொண்ட ஹீமோசயனின் இருப்பதால் காற்றுப் பட்டதும் லேசான நீலம் ஏறும். மண்புழுவுக்கு இரும்பு கொண்ட சிவப்பு இரத்தம். ஆக, நீலம் என்றால் மெல்லுடலி, சிவப்பு என்றால் புழு என்று முடித்துவிடலாமா? அதே வயலில், தட்டையாக வட்டச் சுருளாக இருக்கும் இண்டோபிளானார்பிஸ் என்னும் சின்ன நத்தையைக் குத்திப் பாருங்கள், சிவப்பாக வரும். அதற்கும் ஹீமோகுளோபின்தான். நடவு வயலில் இறங்கியவர்களுக்குக் காலில் வருகிற அரிப்புக்கு ஒரு காரணம் இந்த நத்தையிலிருந்து நீந்தி வெளியேறுகிற ஒட்டுண்ணிப் புழுவின் குஞ்சுகள். மாட்டின் உடலைத் தேடி வந்தவை, வழி தவறி மனிதத் தோலைத் துளைத்துச் சாகின்றன.

அந்தத் தட்டை நத்தையில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. உடலமைப்பில் அது இடப்பக்கத்து நத்தை. அதாவது, நாம் வலம்புரி என்று பட்டுத்துணியில் வைத்துப் போற்றுகிற அதே பக்கம். குளத்துப் பாசியில் கிடப்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

வலம்புரி விஷயம் பெயரால் குழம்பிய ஒன்று. சங்கைக் கூர்ந்த சுருள் முனை மேலாகவும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடியுங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் திறந்தால் விலங்கியலில் அது வலச்சுருள். கரையில் கிடைக்கும் சங்குகள் அநேகமாக எல்லாமே இப்படித்தான். வாய் இடக்கைப் பக்கம் திறந்தால் இடச்சுருள், நம் வழக்கில் அதுவே வலம்புரி. முரண் எங்கே வந்தது என்றால் பார்க்கும் முனையில். நம் வழக்கு சங்கை அடிக்குழல் முனையிலிருந்து பார்க்கிறது; அங்கிருந்து பார்த்தால் அதே சுருள் கடிகார முள் போகும் திசையில் ஓடும். இரண்டு பேரும் சொல்வது சரி, நிற்கும் இடம் வேறு.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு சோதனை போதும். நம் கடல் சங்கின் பெயர் டர்பினெல்லா பைரம். அதன் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தூணைத் தடவினால் மூன்று அல்லது நான்கு மடிப்புகள் வரப்பு மாதிரி அழுத்தமாகத் தட்டுப்படும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் லைட்னிங் வெல்க் என்று ஒரு சங்கு இருக்கிறது. அந்த இனத்தில் இயல்பாகவே எல்லாம் இடச்சுருள். அதை வெள்ளையாகத் தேய்த்து வலம்புரி என்று விற்பார்கள். அதன் தூணில் இந்த வரப்புகள் இருக்காது. இழைத்துச் செதுக்கிய பொய் மடிப்பும் வருவதுண்டு என்பதால், வாயில் மட்டும் தடவிவிட்டு நிறுத்தாமல் விரல் எட்டும் வரை உள்ளே போக வேண்டும். உண்மையான மடிப்பு தூணோடு சுற்றி உள்ளே ஏறிக்கொண்டே போகும்.

சுருள் எந்தப் பக்கம் என்பது முட்டை பிளக்கத் தொடங்கும்போதே தீர்மானமாகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகும்போது மேலே உள்ள நான்கு செல்களும் கீழே உள்ளவற்றின் மேல் நேராக உட்காராமல் ஒரு பக்கமாகத் திருகி, இடுக்குகளில் உட்காரும். திருகும் பக்கமே ஓட்டின் பக்கம். லிம்னேயா என்ற குளத்து நத்தையில் இதைத் தீர்மானிப்பது குஞ்சின் மரபணு இல்லை, தாயினுடையது. தாய் முட்டைக்குள் வைத்துவிட்ட பொருள்தான் திருகலை நடத்துகிறது. அதனால் தாயின் ஓடு ஒரு பக்கமும் பிள்ளைகள் அத்தனையும் மறுபக்கமுமாகப் பிறக்க முடியும். 1923-இல் மரபியலாளர் ஸ்டர்ட்டெவன்ட் இதை விளக்கினார். இந்தத் திருகுப் பிளவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புழுக்களிடம் போகும்போது தேவைப்படும்.

தாமிரபரணி மணலிலும் வாய்க்கால் ஓரத்திலும் பாதி புதைந்து நிற்கிற ஆற்று மட்டி லாமெல்லிடென்ஸ். முன் எது, பின் எது என்று ஓட்டை வைத்தே சொல்லலாம். கீல் பக்கத்தில் மேடாகத் தெரியும் உச்சி, முன்பக்கத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். அதற்குப் பின்னால் கீல் நார் ஓடும். மணலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது பின்பக்கம், நீர் உள்ளே போவதும் வெளியேறுவதும் அங்கேதான். மட்டியைத் திறக்கக் கத்தியை நடுவில் விட்டு நெம்பக் கூடாது, ஓடு உடையும். மழுங்கிய கத்தியை இரண்டு ஓட்டுக்கும் இடையே சாய்த்து விட்டு, ஓட்டின் உட்புறத்தை ஒட்டியே நகர்த்தி முன்தசையையும் பின்தசையையும் அறுத்தால் தானாகத் திறந்துகொள்ளும். மூடுவது தசையின் வேலை, திறப்பது கீல் நாரின் வேலை. செத்த மட்டி வாய் பிளந்து கிடப்பதும் இதனால்தான். சமையலுக்கு வாங்கும்போது தட்டியும் மூடாததைத் தள்ளிவிட வேண்டும். ஆற்று மட்டியின் குஞ்சுகள் மீனின் செவுளிலும் துடுப்பிலும் கவ்வி ஒட்டுண்ணியாகச் சில காலம் வளர்ந்த பிறகே மணலில் உதிரும். மீன் இல்லாத நீரில் மட்டி பெருகாது.

முத்துச்சிப்பியில் மூடுதசை ஒன்றுதான், முன்தசை மறைந்துவிட்டது. ஓட்டை வெட்டிப் பார்த்தால் வெளியே கொம்புப் பொருளாலான தோல், நடுவே தூண் தூணாக நிற்கும் கால்சைட், உள்ளே கூரை ஓடு போல அடுக்கிய அரகோனைட் என்று மூன்று அடுக்கு. கால்சைட்டும் அரகோனைட்டும் சுண்ணாம்பின் இரண்டு படிக வடிவங்கள். கடைசி அடுக்கின் ஒவ்வொரு தகடும் அரை மைக்ரான் கனமே. ஒளியின் அலைநீளத்துக்குக் கிட்டத்தில் இருப்பதால் வானவில் நிறம் விளையாடுகிறது. மணல் துகள் விழுந்து முத்தாகிறது என்ற கதை எவ்வளவு சொன்னாலும் போக மாட்டேன் என்கிறது. சிப்பி நாள் முழுக்க மணலோடு புழங்குகிறது, துகளைக் கழுவித் தள்ளத் தெரிந்தது. முத்து உண்டாக மேன்டிலின் ஓடு சுரக்கும் செல்கள் இடம் மாறி உடலுக்குள் பை கட்ட வேண்டும். வளர்ப்பு முத்தில் செய்வதும் அதுவே. வேறொரு சிப்பியின் மேன்டிலிலிருந்து 2, 3 மி.மீ. துண்டு வெட்டி, ஓட்டில் கடைந்த மணியோடு ஒட்டினாற்போல இனப்பெருக்கச் சுரப்பிக்குள் செருகுகிறார்கள். மணிக்கும் துண்டுக்கும் இடைவெளி விழுந்தால் மணி மொட்டையாகவே கிடக்கும். 1973-இல் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்துகள் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரின் கையில் இப்படித்தான் விளைந்தன. கொற்கை முத்தின் ஊர்க்காரர்களுக்கு அது கொஞ்சம் தாமதமான செய்தி.

சிப்பிக் குடும்பத்தின் பெரிய வேடதாரி கப்பல் புழு. மரத்தைத் துளைத்து ஒரு முழம்கூட நீளும் புழு வடிவம். தலைப்பக்கத்தில் மட்டும் கடலைப்பருப்பு அளவில் இரண்டு ஓடு. அவை உடலைக் காக்க அல்ல, அரம் மாதிரி மரத்தைச் சுரண்ட. மரத்தூளைச் செரிக்கும் நொதியைச் செவுளில் குடியிருக்கும் பாக்டீரியா தருகிறது. வால் முனையில் இரண்டு சிறு அகப்பைகள், ஆபத்து வந்தால் துளையை அடைத்துக்கொள்ள. வெளியே பார்த்தால் தோணியின் பலகையில் ஊசித் துளைதான் தெரியும், உள்ளே தேன்கூடாக இருக்கும். கரையேற்றிக் காயவிட்டாலோ நன்னீரில் நாள்கணக்கில் கிடந்தாலோ செத்துவிடும். ஒவ்வொரு முறை மீன் பிடித்துத் திரும்பியதும் கரையில் இழுத்துப் போடப்பட்ட கட்டுமரத்தை அது அண்டாததும், தண்ணீரிலேயே கட்டிக் கிடந்த தோணியைத் தின்றதும் இதனால்தான்.

தலைக்காலிகளைப் படிக்க ஆய்வகம் வேண்டாம். உவரியிலோ கூத்தங்குழியிலோ வாங்கிய ஊசிக் கணவாய் ஒன்று போதும். துடுப்பு கீழே இருக்கும்படி, குழல் போன்ற புனல் மேலே தெரியும்படி மல்லாத்தி வையுங்கள். புனல் இருக்கும் பக்கமே வயிறு. மேன்டில் விளிம்பிலிருந்து நுனி வரை கத்தரிக்கோலால் மேலாக்க வெட்டுங்கள். ஆழமாகப் போனால் மைப்பை கிழிந்து எல்லாம் கறுத்துவிடும். விரித்தால் இரண்டு இறகுச் செவுள், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செவுள் இதயம், நடுவே உடலுக்கு இரத்தம் தள்ளும் மூன்றாவது இதயம், குடலோடு ஒட்டி வெள்ளி மினுங்கும் மைப்பை. முதுகுப்பக்கத்தில் கண்ணாடித்தாள் மாதிரி உருவி வருவது ஓட்டின் மிச்சம். எட்டுக் கைகளும் இரண்டு நீண்ட உணர்கைகளும் சூழ்ந்த நடுவில் கிளிமூக்கு. அதற்குள் ராடுலாவும் உண்டு. உணவுக்குழல் மூளையின் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது, பெரிய துண்டாக விழுங்க முடியாது. ஓட்டுக் கணவாய்க்குள் இருக்கிற ஓடு அரகோனைட் தகடுகளால் அறை அறையாகக் கட்டப்பட்ட மிதவை. காற்றும் நீரும் மாற்றி மிதப்பைச் சரிசெய்துகொள்ளும். கரை ஒதுங்கிய அதைப் பொறுக்கிக் காயவைத்து நாட்டுமருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று விற்கிறார்கள். பேய்க் கணவாய்க்கு அதுவும் இல்லை. ஓடு ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது.

மற்ற வகுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யானைத்தந்தம் போன்ற குழல் ஓட்டுக்காரர்கள், ஓடே இல்லாத ஆழ்கடல் புழுவடிவிகள், பாறையில் அப்பிக் கிடக்கும் கைட்டான்கள். கைட்டானின் முதுகில் எட்டுத் தகடு வரிசையாக இருப்பதால் கண்டமுள்ளது போலத் தோன்றும். புரட்டினால் ஒரே பாதம், ஒரே உறுப்பு மூட்டை. அதன் பல்லில் காந்த இரும்புத் தாது படிந்திருக்கிறது, பாறையைச் சுரண்டித் தின்ன.

இனி கண்டங்கள். நம் வயல் வரப்பில் குட்டிக் கோபுரமாக மண் எச்சம் குவித்துவைப்பது பெரும்பாலும் லாம்பிட்டோ மாரிட்டை. 80 முதல் 210 மி.மீ. நீளம், 165 முதல் 190 கண்டம். முன்முனை லேசான ஊதா. ஈரமான செய்தித்தாளில் விட்டுக் காதைக் கிட்டத்தில் கொண்டுபோனால் கரகரவென்று கேட்கும். சீட்டா என்னும் நுண்முட்கள் தாளைக் கீறுகிற ஓசை அது. முட்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் வாலிலிருந்து தலைக்குத் தடவினால் சொரசொரப்பு, தலையிலிருந்து வாலுக்கு வழுக்கல்.

எண்ணத் தெரிந்தால் புழுவை அறுக்காமலே அடையாளம் காணலாம். கைலென்ஸ் எடுத்து, வாய் இருக்கும் கண்டத்தை ஒன்று என்று தொடங்குங்கள். வாய்க்கு மேலே துருத்தும் மடல் கணக்கில் சேராது. தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். லாம்பிட்டோவில் 14 முதல் 17 வரை தடித்துச் சுற்றிலும் வளையமாக இருப்பது கிளைடெல்லம், முட்டைக்கூடு சுரக்கும் பட்டை. 14-இன் அடியில் பெண் துளை, 18-இன் அடியில் ஓர் இணை ஆண் துளை. சீட்டாக்கள் கண்டத்தைச் சுற்றிலும் மாலை போல இருக்கும். மண்புழு உரத் தொட்டிக்கு வாங்கும் ஐசீனியாவில் பட்டை 24 வாக்கில்தான் தொடங்கும், முதுகில் சேணம் மாதிரி உட்கார்ந்திருக்கும், சீட்டா கண்டத்துக்கு எட்டே எட்டு. ஆப்பிரிக்க இனமான யூட்ரிலஸிலும் எட்டுத்தான், ஆனால் பட்டை முன்னால், 14 வாக்கில். ஆக இரண்டே கேள்வி: முள் மாலையா, எட்டா? பட்டை எங்கே தொடங்குகிறது? வயலிலிருந்து பொறுக்கிய லாம்பிட்டோவைச் சாணித் தொட்டியில் விட்டுவிட்டுச் செத்துவிட்டது என்று வருந்துபவர்கள் இதைக் கவனிக்கவில்லை. அது மண்ணில் செங்குத்தாக வளை தோண்டுகிற இனம், வெறும் சாணத்தில் தாக்குப்பிடிக்காது. புதுச் சாணத்தின் சூட்டில் எந்த இனமும் நிற்காது. இரண்டு மூன்று வாரம் மக்கவிட்டு, கையை நுழைத்தால் சூடு தெரியாத பிறகே புழுவை விட வேண்டும்.

அறுத்துப் பார்ப்பதானால் முதுகுப்பக்கம்தான். நரம்பு நாண் வயிற்றுப்பக்கம் ஓடுகிறது, அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் முதுகின் நடுக்கோட்டில் பெரிய இரத்தக் குழல் இருப்பதால், கோட்டுக்குச் சற்றுத் தள்ளி, பட்டைக்குப் பின்னாலிருந்து முன்னோக்கி வெட்டுவது நல்லது. ஒவ்வொரு கண்டத்திலும் தடுப்புச் சுவரை ஊசியால் கீறிவிட்டுத்தான் தோலை விரிக்க முடியும். அந்தத் தடை தட்டுப்படும்போதே கண்டம் என்பது வெளிக்கோடு மட்டுமில்லை என்று கை புரிந்துகொள்ளும். ஆறாவது கண்டத்தில் வெள்ளையாக உருண்டு கெட்டியாக இருப்பது அரைவைப் பை. 6 முதல் 13 வரை எட்டு இணை இதயங்கள் குடலை வளைத்து நிற்கும். 10, 11-இல் விந்தகம், 13-இல் சூலகம். புழுவை நேரே கடும் ஆல்கஹாலில் போட்டால் கொத்துக் கொத்தாகச் சளி கக்கி முறுக்கிக்கொள்ளும். தண்ணீரில் ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனால் நேராகத் தளரும்.

அட்டையில் வெளி வளையங்களை எண்ணி ஏமாறக் கூடாது. மேலே நூற்றுக்கும் குறையாத வளையம் தெரியும், உள்ளே கண்டம் 33-தான். நடுவுடலில் ஐந்து வளையம் சேர்ந்து ஒரு கண்டம். சீட்டா கிடையாது, அதற்குப் பதில் முனைக்கு ஒன்றாக இரண்டு உறிஞ்சிகள். பெரியது பின்னால், சின்னது வாயைச் சுற்றி. மூன்று தாடையும் சேர்ந்து வெட்டுவதால் கடிவாய் மூன்று கதிர் நட்சத்திரமாக இருக்கும். உமிழ்நீரில் இரத்தம் உறையவிடாத பொருள் இருப்பதால் அட்டை விழுந்த பிறகும் கசிவு நிற்காது. கவ்விய அட்டையை உப்பாலோ நெருப்பாலோ துன்புறுத்தினால் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்க வாய்ப்பு உண்டு. நகத்தை மெலிந்த முனைக்கு அருகே தோலோடு உரசி நுழைத்து முன் உறிஞ்சியை முதலில் விடுவித்து, பிறகு பின்னதை எடுப்பதே முறை. மழைக்காலத் தோட்டத்தில் ஓடில்லா நத்தையையும் அட்டை என்பார்கள். அதற்குக் கொம்பு இருக்கும், உறிஞ்சி இருக்காது, போன வழியெல்லாம் பசைத்தடம் மினுங்கும்.

மண்புழு, அட்டை, கடல் பலமுட்புழு என்று பாடநூல் மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அந்த வேலி விழுந்துவிட்டது. 2011-க்குப் பிந்தைய வகைப்பாட்டில் அலைந்து திரியும் கிளை, ஓரிடத்தில் தங்கும் கிளை என்று இரண்டு பெருங்கிளைகள். மண்புழுவும் அட்டையும் கடல் புழுக்களின் இரண்டாவது கிளைக்குள்ளேயே முளைத்த கொம்புகள். அட்டை என்பது சீட்டாவைத் தொலைத்த மண்புழுச் சாதி என்று சொன்னால் பெரிய பிழையில்லை.

மெல்லுடலி, வளைத்தசைப் புழு என்ற இரண்டு தொகுதிக்கும் என்ன உறவு என்பதற்கு வளர்ந்த உடலில் விடை கிடைக்காது. முட்டைக்குப் போக வேண்டும். சங்கின் முட்டை திருகிப் பிளக்கிற மாதிரியே கடல் புழுவின் முட்டையும் திருகிப் பிளக்கிறது. இரண்டிலும் பல இனங்களில் அதிலிருந்து வருவது பம்பர வடிவில் இடுப்பைச் சுற்றி மயிரிழை சுழலும் டிரோகோஃபோர் என்ற ஒரே மாதிரி இளம் உயிரி. மண்புழு நிலத்துக்கு வந்து கூட்டுக்குள் முட்டையிடத் தொடங்கியதால் அந்தப் பருவத்தைக் கைவிட்டது. 1952-இல் கலாதியா என்ற டேனிஷ் ஆய்வுக் கப்பல் பசிபிக்கின் அடியிலிருந்து நியோபிலைனா என்ற மெல்லுடலியை எடுத்தபோது, ஒற்றை ஓட்டுக்குள் செவுளும் தசையும் இணை இணையாக வரிசையில் இருப்பதைப் பார்த்து, கண்டமுள்ள மூதாதை அகப்பட்டுவிட்டது என்று கொண்டாடினார்கள். தடுப்புச் சுவரோ கண்ட உடற்குழியோ அதில் இல்லை. உறுப்புகள் திரும்பத் திரும்ப வருவது மட்டும் கண்டமாகிவிடாது. உறவு உண்மை, ஆனால் அது கண்டத்தின் வழி வந்த உறவாகத் தெரியவில்லை.

கடைசியாக, கரையில் பொறுக்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வெள்ளைக் குழாய். சிப்பி ஓட்டின் மேல் நெளிநெளியாக ஒட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக் குழல் புழு கட்டியதாகவும் இருக்கலாம், வெர்மெட்டிட் என்னும் நத்தை கட்டியதாகவும் இருக்கலாம். குழலை உடைத்து உட்சுவரைப் பாருங்கள். பளபளப்பாக மூன்று அடுக்காக இருந்தால் நத்தை. தொடக்க முனையில் குட்டிச் சுருளும் அகப்படும். மங்கலாக இரண்டு அடுக்கு என்றால் புழு. உயிரோடு கிடைத்தால் கடல்நீரில் போட்டுக் காத்திருந்தால் போதும், புழுவானால் பூ விரிவது போலச் செவுள் இறகு விரியும், நிழல் பட்டதும் சட்டென்று உள்ளே போகும்.

முத்துச்சிப்பி வளர்ப்பவர்களுக்கு இதைவிடத் தொல்லை பாலிடோரா என்ற கடல் புழு. இது ஓட்டின் மேல் ஒட்டாது, ஓட்டைத் துளைத்து உள்ளே வளைவாக வளை தோண்டிச் சேற்றை நிரப்பிக்கொள்ளும். வெளியே இரண்டு ஊசித் துளை மட்டும் தெரியும். துளை உட்பக்கம் வரை எட்டிவிட்டால் சிப்பி முத்துப்பொருளைச் சுரந்து அந்த இடத்தை மூடப் பார்க்கும். சேற்றுக் கொப்புளமாக ஓடு வீங்கும். ஓடு கட்டும் செலவிலேயே சத்து போவதால் சிப்பி மெலியும், தசை ஒட்டும் இடத்தில் துளைத்திருந்தால் பிடிப்பே விட்டுப்போகும். அதனால் ஓட்டை அவ்வப்போது துலக்கி, சில மணி நேரம் நன்னீரில் மூழ்கவைத்து எடுப்பது வழக்கம். சிப்பி வாயை இறுக மூடிக்கொண்டு தாங்கிவிடும். வளையின் வாயை அடைக்க வழியில்லாத புழு நீரை உறிஞ்சி ஊதிச் சாகும். சிப்பி முன்பே நலிந்திருந்து வாய் சரியாக மூடாவிட்டால், அதே தண்ணீர் சிப்பியையும் கொன்றுவிடும். ஆகவே முக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, மூடாததைத் தனியே எடுத்துவைத்துவிட வேண்டும்.